கீழ் ரேக்கில் ஸ்டாக் பார்க்கிறேன்

ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், பக்கத்து கவுண்டர் அக்கா எனக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். "கால் தாங்கலேன்னா குனிஞ்சு கீழ் ரேக்கைத் திற. சூப்பர்வைசர் வந்து கேட்டா ஸ்டாக் பார்க்கிறேன்னு சொல்லு. மூணு நிமிஷம் வரைக்கும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." அந்த மூன்று நிமிடத்தை வைத்துத்தான் ஆறு வருஷம் ஓட்டினேன்.

அது 2005. சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து பிளஸ் டூ முடித்த கையோடு தி.நகருக்கு வந்தவள் நான். கடைப் பெயர் வேண்டாம். எந்தக் கடையைச் சொன்னாலும் அதில் நின்ற ஒருத்தி "எங்க கடையைத்தானே சொல்றே" என்று கேட்பாள், அவ்வளவுதான் வித்தியாசம். காலை ஒன்பதரைக்குத் தளத்தில் இருக்க வேண்டும். இரவு ஒன்பதரைக்குக் கீழே இறங்கலாம். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கும் அந்த ஒன்பதரை, பதினொன்று ஆகும். நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். அதில் பத்து நிமிடம் படிக்கட்டில் போய்விடும், லிஃப்ட் வாடிக்கையாளருக்கு மட்டும்.

உட்கார்ந்தால் இருபது ரூபாய் ஃபைன். ரேக்கில் சாய்ந்தால் பத்து. இதை எழுதி ஒட்டியிருக்க மாட்டார்கள், சம்பளக் கவரைப் பிரித்துப் பார்த்தால் தெரியும்.

நிற்பது ஒரு வேலையா என்று ஊரில் கேட்பார்கள். முதல் வாரம் குதிகாலில் வலிக்கும். அப்புறம் அது ஆடுதசைக்கு ஏறும். ஒரு மாதத்தில் பழகிவிட்டதுபோல் இருக்கும். உண்மையில் பழகுவதில்லை, வலி இடம் மாறிக்கொண்டே இருக்கும். நான்காவது வருஷம் என் இடது காலில், முழங்காலுக்குப் பின்னால், பச்சையாக ஒரு புழு நெளிவதுபோல் நரம்பு தெரிந்தது. ஹாஸ்டலில் காட்டியபோது யாரும் பதறவில்லை. ஆளுக்கொரு கால் பாவாடையைத் தூக்கி அவரவர் நரம்பைக் காட்டினார்கள். ஒருத்தி சொன்னாள், "உனக்கு லேட்டு."

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், என் அண்ணன் மகன். திருநெல்வேலி சட்டக் கல்லூரியில் படிக்கிறான். 2021 செப்டம்பரில் ஒருநாள் வாட்ஸாப்பில் ஒரு பி.டி.எஃப். அனுப்பி, "அத்தை, உங்களுக்குன்னு ஒரு சட்டம் வந்திருக்கு" என்று எழுதியிருந்தான். அப்போது நான் தி.நகரை விட்டுக் கல்யாணமாகி, தாம்பரம் பக்கம் ஒரு நடுத்தரக் கடையில் சுடிதார் செக்‌ஷனில் இருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஸ்டாக் ரூமில் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து அதைப் படித்தேன். உட்காரும் உரிமைச் சட்டத்தைத் திருட்டுத்தனமாக உட்கார்ந்து படித்தவள் நானாகத்தான் இருப்பேன்.

பெரிய சட்டமெல்லாம் இல்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் என்று 1947-லேயே ஒன்று இருக்கிறது. அதில் 22-ஏ என்று புதிதாக ஒரே ஒரு பிரிவைச் சேர்க்கிறார்கள். ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லாப் பணியாளருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்பு கிடைத்தால் அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும், நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கும் நிலையைத் தவிர்க்க வேண்டும். இவ்வளவுதான் அதன் சாரம். காரணம் சொல்லும் பகுதியில் வேலை நேரம் முழுக்க நிற்க வைக்கப்படும் கடைப் பணியாளர்கள் என்றே குறிப்பிட்டிருந்தார்கள். நாங்கள் அரசாங்கக் காகிதத்தில் வந்துவிட்டோம் என்பதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆங்கிலப் பிரதியில் எங்கள் நிலையைச் சொல்ல 'ஆன் தேர் டோஸ்' என்று போட்டிருந்தது. கால்விரலில் நிற்பது என்று அர்த்தமாம். எழுதியவர் கடையில் நின்றதில்லை. எங்களுக்குப் போனது குதிகால்.

2021 செப்டம்பர் 6-ஆம் தேதி தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் இந்தச் சட்டமுன்வடிவைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். கொரோனா காலம். கோட்டையில் இடைவெளி விட்டு உட்கார இடம் போதாதென்று வாலாஜா சாலை கலைவாணர் அரங்கத்தில்தான் அப்போது சபை நடந்தது. தாராளமாக இடம் விட்டு நாற்காலி போட்ட அந்த மண்டபத்தில், நாற்காலி இல்லாதவர்களுக்கான சட்டம் வந்தது. குறை சொல்லவில்லை, நினைத்துப் பார்த்தேன், சிரிப்பு வந்தது.

அந்தக் கூட்டத்தொடரில் கடை டிவியில் ஓடியதெல்லாம் வேறு செய்தி. மூன்று வேளாண் சட்டங்களுக்கு எதிரான தீர்மானம், குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான தீர்மானம், கடைசி நாளான 13-ஆம் தேதி நீட் விலக்கு. அதே நாளில் கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடி அறிவிப்பும் வந்தது, எங்கள் தளத்தில் எல்லோரும் அதைத்தான் பேசினார்கள், ஊரில் அம்மாவின் வளையல் வங்கியில் இருக்கிறவர்கள் பாதிப் பேர். அதற்கு நடுவில், ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க என்று குரல் வாக்கெடுப்பில் பேர் தெரியாமல் நிறைவேறுகிற எத்தனையோ சட்டமுன்வடிவுகளில் ஒன்றுதான் எங்களுடையது. நானாகச் செய்தி பார்த்துத் தெரிந்துகொண்டிருக்க மாட்டேன்.

இந்த விஷயம் 2019 செப்டம்பரிலேயே மாநிலத் தொழிலாளர் ஆலோசனைக் குழுவில் பேசி, எல்லோரும் ஒப்புக்கொண்டதாம். அப்போது இருந்தது வேறு ஆட்சி. இடையில் தேர்தல் வந்து போய், ஆட்சி மாறி, சட்டமாக இரண்டு வருஷம். அரசாங்கக் கணக்கில் இது வேகம் என்றான் மருமகன்.

அவன் இன்னொன்றும் சொன்னான், அதுதான் எனக்கு உறைத்தது. 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தில் 44-ஆவது பிரிவில் ஏறக்குறைய இதே வாசகம் இருந்ததாம். நின்று வேலை செய்கிற ஆலைத் தொழிலாளி, வாய்ப்பு கிடைத்தால் உட்கார இருக்கை இருக்க வேண்டும் என்று. ஆக, துணியை நெய்கிற மில்லில் நிற்பவருக்கு 1948-லும், அதே துணியை விற்கிறவளுக்கு 2021-லும் நாற்காலி. அதற்கும் முன்னால், 1899-லேயே இங்கிலாந்தில் கடைப் பெண்களுக்கென்று தனியாக இருக்கைச் சட்டம் போட்டிருக்கிறார்கள். மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கை என்று அதில் எண்ணிக்கையே உண்டு. இந்த எண்ணிக்கையை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

நிற்பது ஜவுளி வியாபாரத்தின் வழக்கம் என்று முதலாளிகள் சொல்வார்கள். உட்கார்ந்தால் கஸ்டமருக்கு மரியாதைக் குறைவாம். எனக்கு இதில்தான் கோபம் வரும். சங்கரன்கோவிலில் நான் சின்னப் பிள்ளையாகப் போன ஜவுளிக்கடையில் யார் நின்றார்கள்? செருப்பை வாசலில் விட்டு உள்ளே போனால் தரையில் மெல்லிய மெத்தை, மேலே வெள்ளை விரிப்பு. இந்தப் பக்கம் அம்மா, சித்தி, நான். அந்தப் பக்கம் கடைக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். சேலைக் கட்டைப் பிரித்து, முந்தியை நம் மடி வரைக்கும் விசிறிவிடுவார். நடுவில் காபி வரும். அம்மா இருபது சேலை பார்த்து ஒன்று எடுப்பாள், ஒருத்தர் கால் மரத்துப் போகும் அளவுக்கு உட்கார்ந்திருப்போம். அங்கே என்ன மரியாதை குறைந்தது?

தி.நகர் கடையிலேயே பட்டுப் பிரிவில் மெத்தை இருந்தது. இருபது, முப்பது வருஷ சர்வீஸ் உள்ள அண்ணாச்சிகள் அதில் உட்கார்ந்துதான் விற்றார்கள். ஒரு சேலை முப்பதாயிரம் என்றால் உட்கார்ந்து விற்கலாம், முந்நூறு என்றால் நிற்க வேண்டும் என்பதுதான் கணக்கு. சிந்தெடிக், சுடிதார், குழந்தைகள் பிரிவு, எல்லாம் நாங்கள். எல்லாம் கண்ணாடி கவுண்டர்.

சரி, சட்டம் வந்த பிறகு என்ன ஆனது?

தாம்பரம் கடையில் எங்கள் தளத்துக்கு ஆறு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. மெரூன் கலர், முதுகு சாய இடமில்லாதது. தளத்தில் நாங்கள் பத்தொன்பது பேர். மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு, "கவர்மென்ட் சொல்லியிருக்கு, உட்கார்ந்துக்கோங்க, ஆனா கஸ்டமர் இருக்கும்போது வேண்டாம்" என்றார். ஜவுளிக்கடையில் கஸ்டமர் இல்லாத நேரம் என்பது கடை திறப்பதற்கு முன்னும் பூட்டிய பின்னும்தான். ஆட்கள் உட்கார்ந்திருப்பதுபோல் இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒன்றில் நான் இருக்கிறேன், உட்காரத் தெரியாதவள் மாதிரி விறைப்பாக.

முதல் வாரம் நிஜமாகவே உட்கார்ந்தோம். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை கூட்டம் குறையும், அப்போது முறை வைத்துப் பத்துப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்கே இரவு கால் வீக்கம் குறைந்ததுபோல் எனக்குத் தோன்றியது. இரண்டாவது வாரம் ஒரு ஸ்டூலில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். மனைவியும் மகளும் சுடிதார் பார்க்கிறார்கள், அவர் பாவம், எங்கே போவார்? அப்புறம் இன்னொரு கணவர். மாசக்கடைசியில் ஆறு ஸ்டூலும் கணவர்களுக்கு என்றாகிவிட்டது. அவர்கள் வராத நாளில் அவற்றின் மேல் பாலிதீன் கவர் கட்டுகள். ட்ரையல் ரூம் வாசலில் கழற்றிப் போட்ட துப்பட்டாக்கள்.

தப்பு என்று யாரையும் சொல்ல முடியவில்லை. சட்டத்தில் 'தகுந்த இருக்கை வசதி' என்று இருக்கிறது. எத்தனை என்று இல்லை. 'உட்கார வாய்ப்பு' என்று இருக்கிறது, அது வாய்ப்புதானா என்று முடிவு செய்வது யார் என்று இல்லை. தளத்தில் அதை முடிவு செய்பவர் சூப்பர்வைசர், அவருக்கும் மேலே கூரையில் கேமரா. மூன்று பேருக்கு ஒன்று என்று இங்கிலாந்துக்காரன் எண்ணி எழுதியது ஏன் என்று அப்போது புரிந்தது. ஸ்டூல் எண்ணப்படும் பொருள். ஆய்வாளர் வந்தால் எண்ணிவிடலாம். வாய்ப்பை எப்படி எண்ணுவார்?

சொல்லப்போனால் 1947 சட்டத்திலேயே எங்களுக்கு இதைவிடப் பெரிய விஷயங்கள் இருந்திருக்கின்றன. நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் வேலை. தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு. மருமகன் இதைப் படித்துக் காட்டியபோது நான் திருப்பிப் படிக்கச் சொன்னேன். ஒரு மணி நேரம். எழுபது வருஷமாக அந்த ஒரு மணி நேரம் புத்தகத்தில் உட்கார்ந்திருக்கிறது, நான் வெளியே நின்றுகொண்டிருக்கிறேன்.

நமக்கு முன்னால் கேரளாவில் இதே சட்டம் 2018-ல் வந்தது, நாட்டிலேயே முதலில். அதன் கதை வேறு மாதிரி. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல்காரர் 'பெண்கூட்டு' என்று ஓர் அமைப்பு தொடங்கினார். அவர்கள் முதலில் கேட்டது நாற்காலி இல்லை, கழிப்பறை. கடைப் பெண்கள் ஒதுங்க இடமில்லாமல் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். (இதைப் படிக்கிற கடைப் பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை.) அப்புறம்தான் உட்காரும் உரிமை. கடை கடையாகப் பேசி, தெருவில் நின்று, வேலை போய், மறுபடி நின்று, பல வருஷம் கழித்துச் சட்டம். அங்கே ஸ்டூலை யாராவது எடுத்துக்கொண்டால் "அது என்னுடையது" என்று சொல்ல ஒருத்தி இருப்பாள், ஏனென்றால் அவள் கேட்டு வாங்கியது. எங்கள் தளத்தில் பத்தொன்பது பேரில் ஒருத்தரும் கேட்கவில்லை. பி.டி.எஃப்.-ஆக வந்தது. கணவர்கள் வந்து உட்கார்ந்தபோது நாங்களே "உட்காருங்க சார்" என்று நகர்த்திக் கொடுத்தோம்.

இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தது 2023 ஏப்ரல். அதற்குச் சில மாதம் முன்னால்தான் கால் முடியாமல் வேலையை விட்டிருந்தேன். தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டமுன்வடிவை ஏப்ரல் 21-ஆம் தேதி சபையில் நிறைவேற்றினார்கள். கொண்டுவந்தவர் எங்களுக்கு ஸ்டூல் கொடுத்த அதே அமைச்சர். கம்யூனிஸ்ட்கள், விடுதலைச் சிறுத்தைகள், காங்கிரஸ் என்று ஆளுங்கட்சியின் கூட்டணிக்காரர்களே எதிர்த்து வெளிநடப்பு செய்தார்கள். தொழிற்சங்கங்கள் குதித்தன. மூன்றாம் நாள், 24-ஆம் தேதி, நிறுத்தி வைப்பதாக முதல்வர் அறிவித்தார். மே 1 அன்று, சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில், திரும்பப் பெற்றதாகவே சொல்லிவிட்டார். பத்தே நாள். டிவியில் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "பன்னெண்டு மணி நேரமா, அநியாயம்" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷம் நான் எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வந்தேன் என்று அவருக்குத் தெரியும். அவருக்கே அது சட்டமாக எழுதிப் பார்த்தால்தான் அநியாயமாகத் தெரிந்தது. அவரைத் திட்டி என்ன, எனக்கும் அப்படித்தானே இருந்தது.

அதற்காக 22-ஏ வீண் என்று சொல்ல மாட்டேன். சில கடைகளில் நல்ல முதலாளிகள் முதுகு வைத்த நாற்காலியே போட்டிருக்கிறார்கள், கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே பில் போடும் பெண்களைப் பார்க்கிறேன். சம்பளக் கவரில் இருபது ரூபாய் பிடித்தால் "எதுக்கு" என்று கேட்க இப்போது ஒரு காகிதம் இருக்கிறது. கேட்க ஆள்தான் வேண்டும்.

நான் இப்போது வீட்டிலேயே ப்ளவுஸ் தைக்கிறேன். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. இடுப்பு வலி. சிரிக்காதீர்கள்.

போன தீபாவளிக்கு மகளுக்குச் சுடிதார் எடுக்க ஒரு கடைக்குப் போனோம். என் கால் வழக்கப்படி கிழவி கால், நான் கஸ்டமர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருபது வயசு இருக்கும் ஒரு பெண். பேச்சில் தென்காசி வாடை அடித்தது. அவளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருந்தது, அதன் மேல் கவர் கட்டு. அவள் உடம்பின் பாரத்தை இடது காலிலிருந்து வலது காலுக்கும், வலதிலிருந்து இடதுக்கும் மாற்றிக்கொண்டே இருந்தாள். வெளி ஆளுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது.

"நீயும் உட்காரும்மா, நாங்க மெதுவாத்தான் பார்ப்போம்" என்றேன்.

அவள் கேமராவைப் பார்க்கவில்லை, பார்க்காமலிருக்க முயன்றாள். "பரவாயில்லக்கா."

மகள் ஒன்றை எடுத்து வைத்துவிட்டாள், போகலாம் என்கிறாள். நான் விடவில்லை. "இதே மாடல்ல வேற கலர் இருக்காம்மா? கீழ இருக்கும், பாரு."

அவள் என்னை ஒரு விநாடி பார்த்தாள். அப்புறம் குந்தி உட்கார்ந்து கீழ் ரேக்கை இழுத்தாள். தலை கவுண்டருக்குக் கீழே போய்விட்டது. ஒவ்வொரு கவராக நகர்த்தும் சத்தம் மட்டும் கேட்டது, ரொம்ப நிதானமாக. சூப்பர்வைசர் பையன் வந்து எட்டிப் பார்த்தான்.

"ஸ்டாக் பார்க்குது தம்பி" என்றேன் நான். "எனக்கு அவசரமில்லை."